எல்லைக்குள் எல்லை: முன்னாள் யூகோஸ்லாவியாவின் குறுக்கே

லுப்லியானா, திங்கள் இரவு

யூகோஸ்லாவியா உடைந்த கதையைப் பெரும்பாலோர் 1991 ஜூன் 25-இல் தொடங்குவார்கள். ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் ஒரே நாளில் சுதந்திரம் அறிவித்த தேதி. ஸ்லோவேனியாவின் தலைநகரான இந்த ஊரில் கொஞ்சம் வயதானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கதை 1989 பிப்ரவரி 27-க்குப் போய்விடுகிறது. அன்று இங்குள்ள த்சங்கார் பண்பாட்டு அரங்கில் ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் ஒரே மேடையில் ஏறினார்கள். நாட்டின் மறுகோடியில், கொசோவோவின் ஸ்தாரி த்ர்க் சுரங்கத்துக்குள் உண்ணாவிரதம் இருந்த அல்பேனியத் தொழிலாளர்களுக்கு ஆதரவு தெரிவிப்பதற்கான கூட்டம் அது. கொசோவோவின் தன்னாட்சியை செர்பியத் தலைவர் மிலோசெவிச் பறித்துக்கொண்டிருந்தார். மேடையில் பேசியது தொலைக்காட்சியில் வந்தது. மறுநாள் தலைநகர் பெல்கிரேடில் பெருங்கூட்டம் திரண்டு ஸ்லோவேனியர்களைத் திட்டித் தீர்த்தது.

ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வசதியாக வாழ்ந்தவர்களுக்கு அல்பேனியச் சுரங்கத் தொழிலாளி மேல் திடீரென்று என்ன பாசம்? பாசத்தைவிடக் கணக்குதான் காரணம். யூகோஸ்லாவியாவை நெடுங்காலம் ஆண்ட டிட்டோ 1980-இல் இறந்தபின் நாட்டை எட்டுப் பேர் கொண்ட குடியரசுத் தலைமைக் குழு நடத்தியது: ஆறு குடியரசுகளுக்கு ஆளுக்கொரு வாக்கு, செர்பியாவுக்குள் இருந்த கொசோவோ, வொய்வொதினா என்ற இரண்டு தன்னாட்சி மாகாணங்களுக்கும் ஆளுக்கொன்று. மிலோசெவிச் இரண்டு மாகாணங்களையும் மொண்டெனேக்ரோவையும் தன் ஆட்களின் கைக்குக் கொண்டுவந்தார். எட்டில் நான்கு அவருடையது. இன்னும் ஒன்று கிடைத்தால் கூட்டாட்சியே அவருடையது. லுப்லியானா விழித்துக்கொண்டது அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான்.

1990 டிசம்பர் 23-இல் ஸ்லோவேனியா வாக்கெடுப்பு நடத்தியது. வாக்குரிமை பெற்ற எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 88.5 சதவீதம் பிரிவினைக்கு ஆதரவு. அறிவிப்புக்குப் பிறகு நடந்த போர் பத்தே நாள். இறந்தவர்கள் இரு தரப்பிலும் சேர்த்து நூறு பேருக்கும் குறைவு. செர்பியச் சிறுபான்மை என்று சொல்லும்படி இங்கே யாரும் இல்லாததால் பெல்கிரேடுக்கு இந்த மண்ணில் பெரிய அக்கறை இருக்கவில்லை. கூட்டாட்சி ராணுவத்தின் பழைய முகாம் இருந்த மெத்தெல்கோவா இப்போது ஓவியர்களும் இசைக்காரர்களும் கூடும் இடம். சிறைக் கட்டடம் தங்கும் விடுதியாகிவிட்டது. சுவரெல்லாம் வண்ணம்.

கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரித்துக்கொண்டு முதலில் போகிறவனுக்குச் சேதம் குறைவு. அவன் போனபின் அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் கணக்கு மாறிவிடுகிறது. ஸ்லோவேனியா வெளியேறப் போகிறது என்று தெரிந்த கணமே குரோஷியாவும் போஸ்னியாவும் மக்கெதோனியாவும், மிலோசெவிச் ஆளும் குறுகிய யூகோஸ்லாவியாவில் இருப்பதா கிளம்புவதா என்று முடிவெடுத்தாக வேண்டிய இடத்துக்குத் தள்ளப்பட்டன. பக்கத்து வீட்டுக்காரனின் சுதந்திரத்தைக் கண்டு ஆசைப்பட்டுத்தான் அடுத்தவன் கிளம்புகிறான் என்று எழுதுகிறவர்களை நான் முழுதாக நம்புவதில்லை. ஆசையைவிட, மிச்சமிருப்பவர்களோடு மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் வேகமாகப் பரவும்.

க்னின், புதன்

குரோஷியத் தலைநகர் ஜாக்ரெபிலிருந்து தெற்கே வரும் வழியில் பிளித்வித்சே ஏரிகள். பதினாறு ஏரிகளும் ஒன்றுக்குள் ஒன்று அருவியாக விழுகின்றன. யுனெஸ்கோ 1979-லேயே பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். மரப்பாலங்களில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில், குரோஷியப் போரின் முதல் உயிர்ப்பலி இங்குதான் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 1991 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. பூங்காவைக் கைப்பற்றிய செர்பியக் கிளர்ச்சியாளர்களை அகற்றக் குரோஷியப் போலீஸ் வந்தபோது இரு தரப்பிலும் ஒருவர் இறந்தார். சுதந்திர அறிவிப்புக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

க்னின் சிறிய ஊர். ரயில் சந்திப்பு, வறண்ட குன்றுகள், மேலே கோட்டை. ஜாக்ரெபையும் கடற்கரையையும் இணைக்கும் ரயில் பாதை இதன் வழியே போகிறது; இந்த ஊர் கையில் இருந்தால் குரோஷியாவை இரண்டாக நறுக்கிவிடலாம். 1990 ஆகஸ்ட் 17-இல் உள்ளூர் செர்பியர்கள் மரங்களை வெட்டிச் சாலைகளில் போட்டு மறித்தார்கள். மரக்கட்டைப் புரட்சி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

குரோஷியா கூட்டாட்சியிலிருந்து நகர நகர, அங்கிருந்த செர்பியர்கள் குரோஷியாவிலிருந்து நகர்ந்தார்கள். அப்போது அவர்கள் மக்கள்தொகையில் 12 சதவீதம். பழைய அரசமைப்பில் குரோஷியாவை உருவாக்கிய தேசிய இனங்களில் ஒன்று என்று இருந்தவர்கள், 1990 டிசம்பரில் வந்த புதிய அரசமைப்பில் சிறுபான்மையினர் ஆனார்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் கைப்பாவையாகக் குரோஷியாவை நடத்திய உஸ்தாஷா ஆட்சி யசெனோவாத்ஸ் முகாமில் செய்த கொலைகள் தாத்தா பாட்டிகளின் நினைவில் இருந்தன. அந்தப் பயத்தை பெல்கிரேடு தொலைக்காட்சி நாள்தோறும் ஊதிப் பெருக்கியது. ஜாக்ரெபின் புதிய ஆட்சியும் தணிக்கப் பெரிதாக மெனக்கெடவில்லை. இரண்டையும் சொல்ல வேண்டும்.

க்னினில் பல் மருத்துவராக இருந்த மிலான் பாபிச், 1991 டிசம்பர் 19-இல் அறிவிக்கப்பட்ட செர்பிய கிராயினா குடியரசின் அதிபரானார். குரோஷியாவின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கையில். குரோட்டியர்கள், அதாவது குரோஷிய இனத்தவர், அங்கிருந்து விரட்டப்பட்டார்கள். 1995 ஜனவரியில் பன்னாட்டுத் தூதர்கள் ஒரு திட்டத்துடன் வந்தார்கள்: சொந்தச் சட்டமன்றம், சொந்த வரி, ஏறத்தாழ நாட்டுக்குள் ஒரு நாடு. அப்போதைய தலைவர் மார்த்திச் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கக்கூட மறுத்துவிட்டார். ஆறே மாதம் கழித்து, ஆகஸ்ட் 4-இல் குரோஷிய ராணுவம் புகுந்தது. மறுநாள் இந்தக் கோட்டையில் குரோஷியக் கொடி. லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் டிராக்டர்களிலும் கார்களிலும் போஸ்னியா வழியாக ஓடினார்கள். ஓட முடியாத கிழவர்கள் சிலர் வீட்டோடு கொல்லப்பட்டார்கள். 2021 கணக்கெடுப்பில் குரோஷியாவில் செர்பியர் 3 சதவீதத்தை ஒட்டி. பாபிச் தி ஹேக் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2006-இல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

கோட்டைக் காவலாளி, தன் தங்கை 1991-இல் இந்த ஊரைவிட்டுப் போனதாகவும் 1995-இல் திரும்பிவந்ததாகவும் சொன்னார். அடுத்த வீட்டு செர்பியக் குடும்பம்? "அவர்கள் நேர்மாறாக" என்றார்.

பிஹாச், வெள்ளி

எல்லை தாண்டி போஸ்னியா. ஷெங்கன் விசாவைப் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்கள். பிஹாச்சில் உனா ஆறு பச்சைக் கண்ணாடிபோல் ஓடுகிறது. போர்க்காலம் முழுக்கச் சுற்றிலும் செர்பியப் படைகளால் அடைக்கப்பட்டுக் கிடந்த ஊர் இது.

பிரிவினை எவ்வளவு சின்ன அளவுக்கு இறங்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் இங்கிருந்து வடக்கே வெலிகா கிளாதுஷாவுக்கு ஒரு டாக்சி பிடிக்கலாம். ஃபிக்ரெத் அப்திச் அந்த ஊரின் முதலாளி, கடவுள், எல்லாம். அக்ரோகொமெர்த்ஸ் என்ற உணவு நிறுவனத்தை ஒன்றுமில்லாத வட்டாரத்தில் எழுப்பி ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தவர். பணமில்லாத உறுதிச்சீட்டுகளால் 1987-இல் அது யூகோஸ்லாவியாவின் மிகப் பெரிய நிதி மோசடி வழக்கானது. ஆனாலும் 1990 தேர்தலில் போஸ்னிய முஸ்லிம் வேட்பாளர்களில் அவருக்குத்தான் அதிக வாக்கு; பின்னால் நாட்டின் தலைவரான இசெத்பெகோவிச்சையே முந்தினார்.

போஸ்னியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. போஸ்னியாவிலிருந்து செர்பியர்களும் குரோட்டியர்களும் தனித்தனிக் குடியரசு பிரித்தார்கள். 1993 செப்டம்பர் 27-இல் அப்திச் தன் பங்குக்கு மேற்கு போஸ்னியத் தன்னாட்சி மாகாணம் என்று ஒன்றை அறிவித்து, தலைநகர் சரயேவோவிலிருந்த போஸ்னிய அரசை எதிர்த்து, செர்பியப் படைகளோடு கைகோத்தார். இரு பக்கமும் அதே மதம், அதே மொழி, சில வீடுகளில் அதே குடும்பம். இங்கே இனம் என்ற காரணம்கூட இல்லை. வியாபாரம் நடக்க வேண்டும், லாரிகள் ஓட வேண்டும், அவ்வளவுதான். எல்லைகள் எல்லாம் பேரத்துக்கு உரியவை என்று ஆகிவிட்டால், ஒரு கம்பெனி முதலாளிக்கும் ஒரு நாடு வேண்டியிருக்கிறது.

போர்க்குற்றத்துக்காகக் குரோஷிய நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 2012-இல் வெளியே வந்தார். 2016-இல் அதே ஊர் மக்கள் அவரை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். டாக்சி ஓட்டுநரிடம் நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பாஞ்சா லூகா, சனி

போஸ்னியாவுக்குள் செர்பியர்களின் பாதியான ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் மைய நகரம். ஒரு நாட்டுக்குள் இருந்துகொண்டே வேறு நாட்டில் இருப்பதாகத் தோன்ற வைக்கும் ஊர். பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் பெயர்ப்பலகைகள் சிரிலிக் எழுத்துக்கு மாறுகின்றன. செர்பியக் கொடியிலிருந்து சின்னத்தை மட்டும் எடுத்ததுபோன்ற மூவண்ணக் கொடி எங்கும். பணம் மட்டும் பொது. அதிலும் ஒரு வேடிக்கை: போஸ்னிய மார்க் நோட்டுகள் இரண்டு வடிவத்தில் வருகின்றன, ஒவ்வொரு பாதிக்கும் அவரவர் எழுத்தாளர் முகம். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட முகம் 200 மார்க் நோட்டில் இருக்கும் இவோ ஆந்திரிச். அவ்வளவு பெரிய நோட்டைக் கடைக்காரர்கள் வாங்கத் தயங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

செர்பியர்கள் தங்கள் ஸ்ர்ப்ஸ்கா குடியரசை அறிவித்தது 1992 ஜனவரி 9. போஸ்னியா சுதந்திர வாக்கெடுப்பு நடத்தியது அதன் பிறகு, பிப்ரவரி 29, மார்ச் 1 தேதிகளில். யார் யாருக்குப் பதிலடி கொடுத்தார்கள் என்று இந்த வரிசையை வைத்து இன்னும் வாதாடுகிறார்கள். என்ன நடந்தது என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகம் அமைத்த பதாந்தேர் ஆணையம் ஒரு விதி வகுத்திருந்தது: குடியரசுகளுக்கு இடையிலான பழைய உள்நாட்டு எல்லைகள் இனிப் பன்னாட்டு எல்லைகள், அவற்றை வன்முறையால் மாற்றக் கூடாது. கேட்க நியாயமான விதி. குடியரசாக இருந்தவனுக்கு நாடு, குடியரசுக்குள் இருந்தவனுக்குச் சிறுபான்மை உரிமை. நாடு கிடைக்காதவர்கள் அதைத் துப்பாக்கியால் எடுக்கப் பார்த்தார்கள். செர்பியர் அல்லாதவர்களை ஊர் ஊராக வெளியேற்றியும் கொன்றும்தான் அந்தக் குடியரசின் வரைபடம் நிரப்பப்பட்டது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனித்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டது அந்த வரிசையின் உச்சம். இந்த ஊரில் சண்டையே நடக்கவில்லை. ஆனாலும் பதினாறாம் நூற்றாண்டின் ஃபெர்ஹாதியா மசூதியை 1993-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பழைய கற்களைத் தேடி எடுத்துத் திருப்பிக் கட்டி 2016-இல் திறந்தார்கள். இன்று மதியம் உள்ளே நால்வர் தொழுதுகொண்டிருந்தார்கள்.

1995-இல் அமெரிக்காவின் டேட்டனில் பேசி முடித்த ஒப்பந்தம் போரை நிறுத்தியது, நிலத்தில் 49 சதவீதத்தை ஸ்ர்ப்ஸ்காவுக்குக் கொடுத்தது, தனிநாடு கிடையாது என்றும் சொன்னது. கதை அங்கேயே அடங்கியிருக்கலாம். மொண்டெனேக்ரோ 2006-இல் செர்பியாவிலிருந்து பிரிந்தபோது, நமக்கும் ஏன் ஒரு வாக்கெடுப்பு கூடாது என்று ஸ்ர்ப்ஸ்காவின் அரசியல் தலைவர் மிலோராத் தோதிக் கேட்க ஆரம்பித்தார். 2008 பிப்ரவரியில் கொசோவோ சுதந்திரம் அறிவித்த அதே வாரம், கொசோவோவைப் பெரும்பாலான நாடுகள் அங்கீகரித்தால் எங்களுக்கும் வாக்கெடுப்பு உரிமை உண்டு என்று பாஞ்சா லூகா சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதன் பிறகு பிரிவினை என்பது அவர் கையில் ஒரு தேர்தல் ஆயுதம். எடுப்பார், மிரட்டுவார், உறையில் போடுவார். டேட்டன் ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு உயர் பிரதிநிதியின் முடிவுகளை மதிக்காத வழக்கில் தண்டனை பெற்று 2025-இல் ஸ்ர்ப்ஸ்காவின் அதிபர் பதவியை இழந்தார்.

அரைத்த இறைச்சியைச் சுட்டுத் தரும் செவாப்பி இந்த ஊரில் நான்கு துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிய பாளமாக வருகிறது. சரயேவோக்காரர்கள் தனித்தனி உருளையாகச் சுடுவார்கள். எது உசத்தி என்ற சண்டையில் நான் தலையிடப் போவதில்லை.

சரயேவோ, திங்கள்

மில்யாட்ஸ்கா ஆற்றின் மேல் சின்னப் பாலம். 1992 ஏப்ரல் 5-இல், அமைதி கேட்டு ஊர்வலம் வந்த கூட்டத்தின் மேல் சுட்டதில் சுவாதா தில்பெரோவிச், ஓல்கா சூச்சிச் என்ற இரு பெண்கள் இறந்தார்கள். பாலத்துக்கு இப்போது அவர்கள் பெயர். அன்று தொடங்கிய செர்பியப் படைகளின் முற்றுகை 1,425 நாட்கள். விமான நிலையத்துக்கு அடியில் தோண்டிய சுரங்கப்பாதையில் குனிந்து நடந்து பார்த்தேன். மாவு மூட்டையோடு அதில் எண்ணூறு மீட்டர் போவதை நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது.

மொண்டெனேக்ரோ பஸ் பிடிக்க 103-ஆம் எண் டிராலி பஸ்ஸில் தோப்ரின்யா வரை போய், அங்கிருந்து சில நூறு அடி நடக்க வேண்டும். நகரத்தின் முதன்மை பஸ் நிலையத்தில் அந்தப் பஸ் இல்லை. நடக்கும் வழியில் வேலி இல்லை, சாவடி இல்லை, போலீஸ் இல்லை. ஒரு பலகை மட்டும், ஸ்ர்ப்ஸ்கா குடியரசுக்கு நல்வரவு என்று. கிழக்கு சரயேவோ பஸ் நிலையம் எல்லைக்கு அப்பால்.

பொத்கோரித்சா, புதன்

பீவா பள்ளத்தாக்கு வழியாக வரும் சாலை உயிரைக் கையில் பிடிக்க வைத்தது. மொண்டெனேக்ரோவின் தலைநகரான இந்த ஊரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாக்கெடுப்பைப் பற்றிச் சொல்லலாம். 2006 மே 21-இல் 55.5 சதவீதம் பேர் பிரிவினைக்கு ஆதரவு. ஐரோப்பிய ஒன்றியம் வைத்த நிபந்தனை 55 சதவீதம். தலையெண்ணிப் பார்த்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்கில் ஒரு நாடு பிறந்திருக்கிறது. பெல்கிரேடு ஏற்றுக்கொண்டது, ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. வரம்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்டதால்தான் தோற்றவர்களுக்குத் தெருவில் இறங்கக் காரணம் இல்லாமல் போனது என்று என் விடுதிக்காரர் சொன்னார். அவர் எதிர்த்து வாக்களித்தவர்.

பிரிஷ்தினா, வெள்ளி

கொசோவோவை இந்தியா அங்கீகரிக்கவில்லை. ஆனாலும் எல்லைச் சாவடியில் என் இந்தியப் பாஸ்போர்ட்டில் சிரித்த முகத்தோடு முத்திரை குத்தினார்கள். பாகிஸ்தானும் பங்களாதேஷும் மாலத்தீவும் அங்கீகரித்துவிட்டன. இலங்கை 2008-இலேயே, இது பன்னாட்டு உறவில் சமாளிக்க முடியாத முன்னுதாரணம் ஆகிவிடும் என்று கவலை தெரிவித்தது. போர் உச்சத்தில் இருந்த கொழும்புக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஐந்து நாடுகள் மறுக்கின்றன: ஸ்பெயின், கிரீஸ், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா. யார் வீட்டில் எந்தப் பயம் என்று அந்தப் பட்டியலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பிரிஷ்தினாவில் எங்கு திரும்பினாலும் மக்கியாத்தோ காபி. கிளிண்டன் பெயரில் அகலச் சாலை, அவருக்கு ஒரு சிலை. சுதந்திர அறிவிப்பு நாளன்று திறந்த, 'புதிதாய்ப் பிறந்தது' என்று பொருள்படும் நியூபார்ன் எழுத்துச் சின்னத்துக்கு ஆண்டுதோறும் புதுச் சாயம் பூசுகிறார்கள்.

நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. தொண்ணூறுகளில், அல்பேனிய மொழிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரு வீட்டின் முன்னறையில் வகுப்பு எடுத்தவர். அந்தக் காலத்தில் அல்பேனியர்களின் தலைவர் இப்ராஹிம் ருகோவா, கழுத்துத் துணியும் மென்மையான பேச்சும் கொண்ட இலக்கியவாதி. வன்முறை வேண்டாம், வரி, பள்ளி, மருத்துவம் என்று எல்லாவற்றையும் நாமே இணையாக நடத்துவோம், உலகம் பார்க்கும் என்றார்.

"உலகம் பார்த்தது" என்றார் அந்த அம்மாள். "1995-இல் டேட்டனில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஸ்ரெப்ரெனித்சாவில் கொன்றவர்களுக்குப் பாதி போஸ்னியா கொடுத்தார்கள். எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. என் மாணவர்களுக்கு அதன் பிறகு நான் என்ன சொல்லிக் கொடுப்பது?"

பிரிவினை எப்படித் தொற்றுகிறது என்ற கேள்விக்கு இந்தப் பயணத்தில் கேட்ட பதில்களில் இதற்குமேல் எனக்கு வேண்டியதில்லை. சுதந்திரம் பெற்றவன் முன்மாதிரி ஆவது ஒரு பக்கம். எந்த வழியில் போனவனுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் அக்கம்பக்கம் கூர்ந்து கவனிக்கிறது. பொறுமையாக இருந்தவர்களுக்கு டேட்டனில் எதுவும் கிடைக்காத பிறகுதான் கொசோவோ விடுதலைப் படைக்கு ஆள் சேர்ந்தது. 1997-இல் அல்பேனியாவில் மோசடி நிதித் திட்டங்கள் சரிந்து, அரசே கவிழ்ந்து, ராணுவக் கிடங்குகளை மக்கள் சூறையாடியபோது துப்பாக்கியும் மலிவாகக் கிடைத்தது. பிறகு 1999-இல் நேட்டோவின் 78 நாள் குண்டுவீச்சு, எட்டு லட்சத்தை எட்டிய அகதிகள், ஐ.நா. நிர்வாகம், கடைசியில் 2008 பிப்ரவரி 17.

அந்தப் பிரகடனத்தின் முன்னுரையில் ஒரு வரி உண்டு: கொசோவோ தனித்தன்மை வாய்ந்த நேர்வு, வேறெதற்கும் இது முன்னுதாரணம் ஆகாது. பிறந்த அன்றே இப்படி எழுதிக்கொடுத்த நாடு வேறு ஏதாவது இருக்கிறதா தெரியவில்லை. ஆறு மாதத்தில் ரஷ்யா, ஆகஸ்ட் 26-இல், ஜார்ஜியாவிடமிருந்து பிரிந்த அப்காசியாவையும் தெற்கு ஒசெத்தியாவையும் அங்கீகரித்தது. 2010 ஜூலை 22-இல் பன்னாட்டு நீதிமன்றம், பிரகடனம் வெளியிட்டது பன்னாட்டுச் சட்டத்தை மீறவில்லை என்று பத்துக்கு நான்கு என்ற கணக்கில் கருத்துச் சொன்னது. பிரியும் உரிமை உண்டா என்ற கேள்விக்குள் கவனமாக நுழையவில்லை. 2014 மார்ச்சில் உக்ரைனிலிருந்து பிரிவதாக அறிவித்த கிரீமியா தன் பிரகடனத்தில் அந்தக் கருத்தையே எடுத்துப் போட்டது. கொசோவோவை ஏற்க மறுக்கும் ரஷ்யா அதைக் கைதட்டி வரவேற்றது. கொசோவோவை ஆதரித்த மேற்கு நாடுகள் கிரீமியாவை மறுத்தன. ரஷ்யத் துருப்புகள் தெருவில் நிற்க இரண்டு வாரத்தில் நடந்த வாக்கெடுப்பையும், இன ஒடுக்குமுறைக்கும் ஒன்பது ஆண்டு ஐ.நா. நிர்வாகத்துக்கும் பின் வந்த பிரகடனத்தையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் முன்னுதாரணம் என்பதை எழுதியவன் விருப்பப்படி பயன்படுத்துவதில்லை, தேவைப்பட்டவன் எடுத்துக்கொள்கிறான்.

மித்ரோவித்சா, சனி

நகரை இரண்டாகப் பிரிக்கும் இபார் ஆற்றுப் பாலத்தில் நேட்டோ படையின் இத்தாலியக் காவலர்களின் வண்டி நிற்கிறது. நடந்து போகலாம். தெற்கே யூரோ, மசூதி, அல்பேனியக் கொடி. வடக்கே செர்பியக் கொடி, சிரிலிக் எழுத்து. 2024 பிப்ரவரியில் செர்பிய தினாரைப் பணப் புழக்கத்திலிருந்து கொசோவோ தடை செய்யும்வரை பணமும் வேறாக இருந்தது.

குன்றின்மேல் இரண்டு தூண்கள் ஒரு தொட்டியைத் தாங்கி நிற்கும் சுரங்கத் தொழிலாளர் நினைவுச் சின்னம், பொக்தான் பொக்தானோவிச் வடிவமைத்தது. அதன் கீழே நின்றால் நகரின் இரண்டு பாதிகளும் தெரியும். கொசோவோவின் வடக்கே நான்கு நகராட்சிகளில் செர்பியர்கள் பெரும்பான்மை. 2023 ஏப்ரல் நகராட்சித் தேர்தலை அவர்கள் புறக்கணித்ததால் வாக்குப்பதிவு 3.5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அப்படி வென்ற அல்பேனிய மேயர்களைப் பதவியில் அமர்த்தப் போனபோது மே மாதம் கலவரம். நேட்டோ வீரர்கள் பலர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் பான்ஸ்கா கிராமத்தில் ஆயுதம் தாங்கிய செர்பியர்கள் ஒரு போலீஸ்காரரைக் கொன்றார்கள்.

செர்பியப் பெரும்பான்மை நகராட்சிகளுக்கு ஒரு கூட்டமைப்பு அமைப்பதாக 2013-இல் பிரஸ்ஸல்ஸில் ஒப்பந்தம். இன்னும் அமையவில்லை. தெற்குப் பக்கக் காபிக் கடையில் ஓர் இளைஞனிடம் ஏன் என்றேன். "பாஞ்சா லூகா போய்விட்டு வந்தீர்கள் அல்லவா? அதை இங்கேயும் கட்டச் சொல்கிறீர்களா?" என்றான். வடக்குப் பக்கம் ரொட்டிக் கடையில் ஓர் அம்மாளிடம் பேசினேன். அவருக்கு வேறு ஒப்புமை: "செர்பியாவுக்குள் சிறுபான்மையாக இருக்க மாட்டோம் என்று அவர்கள் பிரிந்தது சரி என்றால், அவர்களுக்குள் சிறுபான்மையாக இருக்க மாட்டோம் என்று நாங்கள் சொல்வது மட்டும் எப்படித் தப்பு?" அடக்குமுறையின் அளவு வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அவரோ அடுத்த வாடிக்கையாளருக்கு ரொட்டி கட்டப் போய்விட்டார்.

2018-இல் செர்பியா, கொசோவோ தலைவர்கள் இருவரும் எல்லையைத் திருத்திக்கொள்ளலாமா என்று பேசினார்கள்: இந்த வடக்கு செர்பியாவுக்கு, செர்பியாவின் தெற்கில் அல்பேனியர் வாழும் ப்ரெஷெவோ பள்ளத்தாக்கு கொசோவோவுக்கு. ஜெர்மனி கடுமையாக எதிர்த்தது. அப்படி ஒரு கோட்டை நகர்த்தினால், நான் வந்த வழியில் எத்தனை ஊர்களில் மறுநாளே வரைபடங்களை விரித்து வைப்பார்கள் என்று எனக்கு இப்போது ஓரளவு தெரியும்.

தேதோவோ, திங்கள்

வட மக்கெதோனியாவின் அல்பேனிய நகரம். வண்ண மசூதியின் வெளிச்சுவர் முழுக்கச் சீட்டுக்கட்டு அளவில் கட்டம் கட்டமாகப் பூவேலை. அருகே ஓர் ஓடை, பிளாஸ்டிக் நாற்காலிகள், எலும்பு சூப்.

இந்த நாடு தப்பித்த கதையில் பாதி அதிர்ஷ்டம். 1991-இல் பிரிந்தபோது கூட்டாட்சி ராணுவம் பேசி முடித்துக்கொண்டு மூட்டை கட்டிப் போய்விட்டது. 1992 ஜனவரியில் இங்குள்ள அல்பேனியர்கள் தன்னாட்சிக்குத் தாங்களே வாக்கெடுப்பு நடத்தினார்கள், சண்டை வரவில்லை. சண்டை வருமுன்பே ஐ.நா. இங்கே படை நிறுத்தியிருந்தது, அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. 1999 ஜனவரியில் தலைநகர் ஸ்கோப்யேவிலிருந்த அரசு தைவானை அங்கீகரித்தது. அடுத்த மாதமே பாதுகாப்பு சபையில் சீனா வீட்டோ போட்டு அந்தப் படையை மூட்டை கட்ட வைத்தது. கொசோவோவில் குண்டு விழப்போகும் தருணம். இதைவிட மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

2001-இல் கொசோவோ மலைகளைத் தாண்டி ஆட்களும் துப்பாக்கிகளும் வந்தன. ப்ரெஷெவோவில் அல்பேனியர்களின் ஒரு கிளர்ச்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, மார்ச்சில் இந்த ஊருக்கு மேலிருக்கும் கோட்டையிலிருந்து இன்னொன்று. ஆகஸ்ட் 13-இல் ஓஹ்ரித் ஒப்பந்தம்: 20 சதவீதத்துக்கு மேல் பேசுகிறவர்கள் உள்ள இடங்களில் அவர்கள் மொழியும் அலுவல் மொழி, போலீஸிலும் அரசுப் பணியிலும் நியாயமான பங்கு, நகராட்சிகளுக்குக் கூடுதல் அதிகாரம். நாட்டைப் பிரிப்பது என்ற பேச்சே அதில் கிடையாது. நேட்டோ வந்து மூவாயிரத்துக்கும் அதிகமான ஆயுதங்களைச் சேகரித்தது. கிளர்ச்சித் தலைவர் அலி அகமெதி கட்சி தொடங்கி, இடையில் இரண்டு ஆண்டு தவிர 2024 வரை கூட்டணி ஆட்சியிலேயே இருந்தார்.

"அவர்கள் பிரிவினை கேட்டார்கள், கிடைத்தது அமைச்சர் பதவி" என்றார் சூப் கடைக்காரர். அகமெதி கட்சிக்காரர்களுக்குத்தான் வேலை, மற்றவர்களுக்கு ஜெர்மனி என்பது அவர் குறை. நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தனிநாடு கேட்டவர்களைப் பற்றி மக்கள் சாதாரண ஊழல் அரசியல்வாதிகளைத் திட்டுவதுபோல் திட்டுவது இந்தப் பயணத்தில் இங்கேதான். 2002-இல் இருபது லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2021-இல் 18.4 லட்சம்; போனவர்களில் அல்பேனியரும் மக்கெதோனியரும் உண்டு. கடைக்காரரின் மகன் ஸ்டுட்கார்ட்டில், பக்கத்துக் கடை மக்கெதோனியரின் மகளும் அதே ஊரில். ஊருக்கு வரும்போது ஒரே பஸ்ஸில் வருகிறார்கள், பேசிக்கொள்வதில்லை, டிக்கெட் விலை ஏறியதைப் பற்றித் தவிர.

ஸ்கோப்யே விமானம் நாளை மதியம். பாஸ்போர்ட்டில் கொசோவோ முத்திரையோடு இனி செர்பியா பக்கம் போனால் என்ன கேட்பார்கள் என்பதை அடுத்த பயணத்தில் பார்க்க வேண்டும்.